அக்காவுக்காக உயர்த்திய ஹேண்டில்

கையில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அதைக் கெடுத்துத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நான். ஒருமுறை பல்ப் மாற்றப் போய், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயம் முழுவதையும் இருட்டில் போட்டிருக்கிறேன். தமிழ் படிப்பிக்கிற வாத்தியாருக்கு ஆயுதம் எதற்கு, வெண்கட்டி போதாதா என்று இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்துவிட்டேன். பெட்ரோல் இல்லாமல் போன அந்த வருடம்தான் என் கையில் ஓர் அலன் கீயைக் கொண்டுவந்து திணித்தது. எல் எழுத்துப் போல வளைந்த, ஆறு மூலை வைத்த சின்ன இரும்புத் துண்டு. இப்போதும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. எறியவும் மனம் வரவில்லை, தொடவும் மனம் வரவில்லை.

நான் படிப்பிப்பது டயகமவில். பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். வாடகை அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அக்காவோடு இருக்கலாம் என்று, மரக்கறி லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு, நுவரெலியாவுக்கு மேலே நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் இருந்த அதே லயத்து அறையில்தான் அக்கா இருக்கிறாள். அத்தான் செத்து ஆறு வருடம். ஒரே மகன் அப்போது கட்டாரில் வேலைக்குப் போயிருந்தான்.

அக்கா இருபத்தேழு வருடம் கொழுந்து எடுத்தவள். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு அதன் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவார்கள். கூடை நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னால் இழுக்கும். சாயாமல் இருக்கக் கழுத்தை முன்னால் குனிந்து கொடுக்க வேண்டும். இருபத்தேழு வருடம் அப்படிக் கொடுத்த கழுத்து ஒருநாள் திரும்ப மாட்டேன் என்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்துபோயிருக்கிறது, இனித் தலையில் கயிறு போட்டால் கை இரண்டும் மரத்துப்போகும் என்று சொல்லி அனுப்பினார். அதோடு மலை வேலையை விட்டவள், டவுனில் வாவிக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமையல் வேலை தேடிக்கொண்டாள். நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. அந்த வேலை போனால் மறுபடி கூடைதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளியம்மாவை நோனா என்பார்கள்; அந்த நோனா கெட்டவர் இல்லை. வெள்ளைக்காரர் வரத்து குறைந்து, மூன்று பேர் செய்த வேலைக்கு அக்கா ஒருத்தியைத்தான் வைத்திருந்தார். காலையில் ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய கண்டிப்பு. விடியற்காலை பஸ் நின்றுபோனது. த்ரீவீலர்களெல்லாம் பெட்ரோல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா நடந்தாள். ஒரு கிழமை நடந்ததில் நாலு நாள் பிந்திவிட்டாள். நோனா சிங்களத்தில் சொன்னதை வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னாள்.

"'ஒங்க கஷ்டம் வெளங்குது. ஆனா பக்கத்துலயே ஒரு பொம்பள வேல கேட்டுக்கிட்டு இருக்கா'ங்குறாங்க தம்பி. அவங்க மேல என்னா குத்தம்?"

குற்றம் யார் மேல் என்று எனக்கு ஒரு பட்டியலே இருந்தது. கொழும்பில் இருக்கிறவர்களில் தொடங்கி வரிசையாகத் திட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திட்டுனா பஸ்ஸு வருமா?" என்றாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். அவள் தலையை மட்டும் தூக்க முடியாமல் இடுப்போடு பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

மருமகனின், அதாவது அக்கா மகனின், மவுண்டன் பைக் கூரை மரத்தில் இரண்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டாருக்குப் போவதற்கு முதல்நாள் அதைக் கழுவி, எண்ணெய் போட்டு, பொலித்தீனில் சுற்றி, திருவிழா முடிந்து சாமியை உள்ளே வைக்கிற பக்தியோடு மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"நீ ஓட்டுவியாக்கா?"

"அப்பாவோட சைக்கிள ஓட்டுனவ தானேடா நானு."

அது உண்மை. அப்பா தோட்டத்து ஆபீசுக்குத் தபால் எடுத்துவருகிறவர். அவர் கிளாக்கரோடு கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கறுப்புச் சைக்கிளை விளையாட்டு மைதானத்தில் ஓட்டிப் பழகியவள் அக்கா. நான் ஓட்டப் போய் விழுந்து, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவன். லயத்திலிருந்து ரோட்டுக்கு அரை மைல் இறக்கம். அதற்குப் பிறகு டவுன் வரைக்கும் ரோடு ஏறக்குறையச் சமம். வரும்போது ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று அக்கா கணக்குச் சொன்னாள்.

மருமகனுக்குப் போன் எடுத்தோம். அவன் சிரித்த சிரிப்பு கட்டாரிலிருந்து கூரைத் தகரத்தில் மோதியது. "அம்மாவா? சைக்கிளா?" என்று மூன்று முறை கேட்டான். கடைசியில் அரைமனதோடு, "சரி மாமா, கழட்டுங்க. ஆனா கீறல் விழுந்திச்சி, நான் வந்து ஒங்களத்தான் கேப்பேன்" என்றான். கேட்கட்டும், இறக்கித் தருவதைவிட எனக்கு வேறென்ன வேலை என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் நான் எப்போதும் முதல் ஆள்.

மறுநாள் சைக்கிளைக் கோயிலடிக்குக் கொண்டுபோனோம். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். லொறிக்கும் த்ரீவீலருக்கும் வைப்பதுதான், சைக்கிளுக்கு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. அக்கா விடவில்லை. இரண்டு பழம் வைத்தாள். சைக்கிளுக்கு என்ன பாரம் இருக்கிறது நசுக்க? முன்சக்கரம் ஏறி இறங்கியது, பழம் முழுசாக உருண்டு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போய் விழுந்தது. "போவட்டும், சாமிக்கு நம்ம நெலம தெரியும்" என்று அக்கா பாவாடைக்கு உள்ளே போட்டிருந்த மகனின் டிராக் சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள்.

பத்து மீற்றர் போயிருப்பாள். காலைக் கீழே ஊன்றி நின்றுவிட்டாள்.

மவுண்டன் பைக் என்று பேர்தான், மலையில் இருக்கிறவர்களை நினைத்துச் செய்தது இல்லை அது. ஹேண்டில் நேரான கம்பி, எட்டத்தில், தாழ்வாக இருக்கிறது. ஓட்டுகிறவர் அதன்மேல் படுக்கிற மாதிரிக் குனிந்து, முகத்தை மட்டும் தூக்கி ரோட்டைப் பார்க்க வேண்டும். இளவட்டத்துக்கு அது அழகு. அக்காவால் குனிய முடிந்தது, குனிந்தபிறகு முகத்தைத் தூக்க முடியவில்லை.

"முன்சக்கரம் மட்டுந்தான் தெரியிது தம்பி. மலையில இருந்த மாதிரியே இருக்கு" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஹேண்டில ஒசத்திட்டா சரி" என்றேன், பெரிய மெக்கானிக் மாதிரி.

அன்று முழுக்கப் போனில் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே மவுண்டன் பைக்கைக் கழற்றி, நேர்க் கம்பியை எடுத்துவிட்டு வளைந்த கம்பியைப் போட்டு, அகலமான சீட்டை வைத்து, நாற்காலியில் இருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போகிறான். அவனுடைய மேசையில் எல்லாச் சாமானும் வரிசையாக இருக்கிறது. எங்கள் நாட்டில் அந்த மாதம் பால்மாவே இல்லை.

டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் கடையின் பின்பக்கத்தில் சைக்கிளும் திருத்துவார். முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் வாத்தியார் என்பதால் என்னைச் சேர் என்றுதான் கூப்பிடுவார். நானும் அக்காவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பழைய சைக்கிள்னா ஹேண்டில இழுத்து மேல ஏத்தலாம் சேர். இதுல ஏத்த ஒன்டும் இல்ல. அளவா வெட்டி வச்சீக்கான்."

"அப்ப செய்யேலாதா நானா?"

"செய்யலாம். ஆனா நீங்க நெனக்கிற மாதிரி வராது."

எந்த வேலையைக் கொடுத்தாலும் அவர் இப்படித்தான் தொடங்குவார். ஹேண்டிலை முன்சக்கரத் தண்டோடு பிடித்திருக்கும் இரும்புத் துண்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அதில் இரண்டு விரல் உயரம் கிடைத்தது. பிறகு பரணில் ஏறி, எந்தக் காலத்திலோ எந்தப் பெண்பிள்ளையோ ஓட்டிய சைக்கிளின் வளைந்த ஹேண்டில் ஒன்றைத் தேடி எடுத்தார். கைப்பிடிகள் மாட்டுக்கொம்பு மாதிரிப் பின்னால் வளைந்து ஓட்டுகிறவரின் மடிக்குக் கிட்டவே வந்தன. கம்பி மெல்லிசு, பிடியின் வாய் பெரிது. பால்மா டின்னை வெட்டித் தகட்டைச் சுற்றி வைத்து இறுக்கினார். ஹேண்டில் உயர்ந்ததும் பிரேக் கம்பி எட்டவில்லை. இடப்பக்கம் திருப்பினால் பின் பிரேக் தானாகவே பிடித்தது. புதுக் கம்பி நாட்டுக்குள் வரவில்லை என்று நானா கையை விரித்துவிட்டு, பழைய சாமான் பெட்டியைத் தரையில் கொட்டி, ஒன்றரை மணித்தியாலம் தேடி நீளமான இரண்டு கம்பியைக் கண்டுபிடித்தார். கியர் மாற்றுகிற பிடி அந்த ஹேண்டிலில் ஏறவே இல்லை. நடுக் கியரிலேயே கட்டிப்போட்டார். கத்தி மாதிரி இருந்த சீட்டை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டைப் போட்டார்.

இவ்வளவுக்கும் நான் செய்தது டோர்ச் பிடித்தது மட்டும்தான். அதையும் தேவையில்லாத இடத்துக்கெல்லாம் அடித்தேன் என்று வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

"முன்னுக்கு ஒரு கூட மாட்டித் தரவா தாத்தா? சாமான் வச்சிக்கலாம்" என்று நானா அக்காவைக் கேட்டார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"கூடையா? வேணவே வேணாம் நானா. இருவத்தேழு வருசம் சொமந்தது போதும்."

நானா கடையே அதிரச் சிரித்தார். அக்கா கடைக்கு முன்னாலேயே ஏறினாள். கால் மிதிக்கத் தொடங்கியது, கைகள் மடிக்குப் பக்கத்தில் சும்மா இருந்தன, முதுகு நேராக இருந்தது. கழுத்தை எதுவும் செய்யாமலே அவளுக்கு எதிரே ரோடு முழுதும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அம்மா செத்த பிறகு அவளிடம் நான் பார்க்கவே இல்லை.

மறுநாளிலிருந்து அக்கா ஐந்தே காலுக்குப் புறப்பட்டால் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கெஸ்ட் ஹவுசில் நிற்பாள். திரும்பிவரும்போது அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் பாதையோரம் நின்று, "வழி விடுங்கடி, கண்டாக்கம்மா வாறாங்க!" என்று கத்துவார்கள். தோட்டத்தில் கண்டாக்கு என்றால் அதிகாரி. அக்கா மணியை அடித்து, "எல்லாரும் ஒழுங்கா கொழுந்து எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவாள்.

இவ்வளவோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளையார் பிடித்தாயிற்று, கையைக் கழுவிவிட்டுப் போக வேண்டியதுதானே. குரங்காக்கிப் பார்க்காமல் என் கை ஓயவில்லை.

சைக்கிளை வைக்க இடம் இல்லை, அதுதான் வினை. வெளியே இஸ்தோப்பில், அந்தத் திறந்த திண்ணையில், விட முடியாது. அந்த வருடம் கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், காய்கிற உடுப்பு என்று கண்டதெல்லாம் களவு போய்க்கொண்டிருந்தது. மருமகன் மாதிரிக் கூரையில் மாட்ட அக்காவால் கையைத் தூக்க முடியாது, எனக்குத் தினமும் தூக்கத் தைரியம் இல்லை. லயத்து அறை எவ்வளவு பெரிது என்று எங்களைப் பார்க்க வருகிறவர்கள் அளந்து எழுதிக்கொண்டு போகிறார்கள், அதை நான் வேறு எழுத வேண்டாம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருந்தது. சைக்கிளின் உடம்பு அதற்குள் போகும். மாட்டுக்கொம்பு ஹேண்டில் போகாது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சக்கரத் தண்டைப் பிடித்திருக்கும் அந்த இரும்புத் துண்டில் இரண்டு போல்ட் இருந்தது. இரண்டையும் அலன் கீயால் தளர்த்தினால் சக்கரம் நேராகவே நிற்கும், ஹேண்டில் மட்டும் பக்கவாட்டில் திரும்பிச் சைக்கிளோடு சைக்கிளாக ஒட்டிக்கொள்ளும். சாயந்திரம் தளர்த்தித் திருப்பி உள்ளே விடுவது, காலையில் வெளியே எடுத்து நேராக்கி இறுக்குவது. அரை நிமிட வேலை. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது. ஆளுக்கு ஏற்றபடி சைக்கிளைத் திருத்திவிட்டு, அதைத் தினமும் அறைக்கு ஏற்றபடி கழற்றிப் பூட்டலாம் என்று நினைக்க லயத்தில் பிறந்தவனால்தான் முடியும். சொந்தமாக ஒரு கொட்டில் உள்ளவனுக்கு அந்தப் புத்தி வந்திருக்காது.

நானாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"அத தெனம் கழட்டுறது சரியில்ல சேர். அதுலதான் உசிரே ஈக்கிது."

"நான்தானே நானா பூட்டுறேன். கவனமா பாத்துக்குவேன்."

அக்காவும் ஒருநாள் கேட்டாள். "எனக்கும் சொல்லிக் குடேன் தம்பி. ஒன்னைய ஏன் தெனமும் எழுப்பணும்?" இருபத்தேழு வருடம் ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளிய கை அவளுடையது. அந்தக் கைக்கு இரண்டு போல்ட் பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை அது. "ஒனக்கு வெளங்காதுக்கா, நான் பாத்துக்குறேன்" என்றேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

ஐந்து கிழமை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஆறாவது கிழமையில் ஒருநாள். முதல்நாள் முழுக்க மண்ணெண்ணெய் வரிசையில் நின்று, வெறுங்கையோடு வந்து, எல்லோரையும் திட்டிவிட்டுப் படுத்திருந்தேன். காலையில் அக்கா எழுப்பினாள். தூறல். கரண்ட் இல்லை. இஸ்தோப்பில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டிலை நேராக்கி, முதல் போல்ட்டை இறுக்கினேன். இரண்டாவதில் கீயை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன், ஈரத்தில் கை வழுக்கிக் கீ கீழே விழுந்தது. தேடி எடுத்தேன். விரல் குளிரில் விறைத்திருந்தது. ஒன்று பிடித்திருக்கிறது தானே, டவுனுக்குப் போகத் தாங்கும், சாயந்திரம் எப்படியும் கழற்றத்தானே போகிறோம் என்று நினைத்தேன். நினைத்தது இன்னும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"சரியா தம்பி?" என்றாள் அக்கா.

"சரிக்கா, போ."

அவள் போனாள். நான் போர்வைக்குள் போனேன்.

இரவுக் காவல் முடிந்து வந்த காவல்காரர்தான் கதவைத் தட்டினார். கோயில் வளைவில் அக்கா விழுந்து கிடக்கிறாள் என்றார். செருப்புப் போடாமல் ஓடினேன். பாதைக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம். இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"நாய் ஒன்னு குறுக்க வந்திருச்சி" என்றாள் அக்கா, அவர்களைப் பார்த்து. "பிரேக்க புடிச்சேன், தூக்கிப் போட்டுருச்சி."

எல்லோரும் நாயைத் திட்டினார்கள். நான் சைக்கிளைப் பார்த்தேன். சக்கரம் ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. ஹேண்டில் தேயிலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் வளைவில் திருப்பியிருக்கிறாள், ஹேண்டில் மட்டும் திரும்பியிருக்கிறது, சக்கரம் நேரே போய்விட்டது. அங்கே நாயும் இல்லை பேயும் இல்லை.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். அக்காவைத் தூக்க எல்லோரும் குனிந்த நேரத்தில், சைக்கிளை எடுத்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை நேராக்கினேன். யாரும் பார்க்கவில்லை. பிறகுதான் அக்காவிடம் போனேன்.

தோட்டத்து லொறியில் கொஞ்சம் டீசல் இருந்தது, அதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கைக்குக் கட்டுப் போட்டார்கள். நோனா மூன்றாம் நாள் ஆளனுப்பிப் பாணும் சீனியும் கொடுத்துவிட்டார். கூடவே, பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள் என்ற செய்தியும் வந்தது. அக்கா பாணைப் பிரித்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் யாராவது வந்து அந்த நாயைப் பற்றி விசாரிப்பார்கள். அக்காவும் நாயின் நிறத்தைக்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டாள். செம்பழுப்பாம், வாலில் வெள்ளையாம்.

பள்ளிக்கூடம் திறந்தது. என் சம்பளத்தில் ஒரு பங்கை அவளுக்கு அனுப்புகிறேன், வேலைக்குப் போகாதே என்று கெஞ்சினேன். "ஒனக்கும் ஒரு வாழ்க்க வேணாமாடா? மகனும் தம்பியும் போடுற சோத்த தின்னுக்கிட்டு நான் சொவத்த பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றாள். மணிக்கட்டு ஒருவாறு பொருந்தியதும் டவுனில் நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். ஊரெல்லாம் வேலைக்கு ஆளைக் குறைக்கிற காலம். தோட்டத்தில் மட்டும்தான் ஆள் பற்றாக்குறை. நான் டயகமவில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். எனக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்லித்தான் தெரியும். போனை வைத்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய் ஒரு பாடம் நடத்தினேன். என்ன பாடம் என்று கேட்டால் தெரியாது.

டாக்டர் சொன்னது நடந்தது. அதற்கு அதிக நாள் எடுக்கவில்லை. சோறு பிசையும்போது விரல் மரத்துப்போகிறது என்று இப்போது கரண்டியால் சாப்பிடுகிறாள். யாராவது கேட்டால், "தொரச்சாணி ஆயிட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

போன பள்ளி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். மருமகனுக்கு ஒப்பந்தம் முடிந்து வரப்போகிறான் என்று தகவல் வந்திருந்தது. இரண்டு நாள்தான் இருந்தது. விழுந்த பிறகு யாரும் ஏறாத சைக்கிளை அக்கா கோணிச்சாக்கால் மூடிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"அவன் வாறதுக்கு முந்தி இத பழைய மாதிரி ஆக்கிரு தம்பி. இந்தக் கோலத்துல பாத்தா மனசு கஷ்டப்படுவான்."

பழைய சாமான்களையெல்லாம் ஒரு சீனிப் பையில் கட்டி வைத்திருந்தாள். நேர்க் கம்பி, சின்ன சீட்டு, கியர்ப் பிடி, ஒன்றும் குறையவில்லை. நானாவிடம் கொண்டுபோகலாம் என்றேன். வேண்டாம், நீயே செய் என்றாள். இஸ்தோப்பில் உட்கார்ந்து காலை முழுதும் கழற்றினேன். அகலச் சீட்டை எடுத்தேன். மாட்டுக்கொம்பு ஹேண்டிலை எடுத்தேன், அதற்குள்ளிருந்த பால்மா டின் தகடு துருவாக உதிர்ந்தது. இரும்புத் துண்டைத் திரும்பவும் தலைகீழாக்கி நேர்க் கம்பியைப் போட்டேன். அக்கா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அஞ்சு கெழமையும் நல்லா இருந்திச்சி தம்பி" என்றாள். "எதுக்க வாறவங்க மொகத்த பாத்துக்கிட்டுப் போனேன். டவுன்ல அந்தப் பெரிய மரம் இருக்கே, சாஞ்சு ஒக்காந்து போனதுல அதோட உச்சிய அப்பதான் பாத்தேன். இத்தன வருசம் அந்தப் பக்கம் போய் வந்திருக்கேன், அடிமரத்த தவிர ஒன்னும் தெரியாது."

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. முதல் போல்ட்டை இறுக்கினேன். "அக்கா, அன்னைக்கி..." என்று தொடங்கினேன். கை தவறி அலன் கீ விழுந்து, துள்ளி அவள் காலடிக்குப் போனது.

அவள் அதை எடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மரத்த விரலில் அது இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"இந்தவாட்டி ரெண்டையும் இறுக்கு தம்பி" என்றாள். "புள்ள எறக்கத்துல வேகமா போவான்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று தேடினேன், அது இல்லை. அவளால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியாது. குனிந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது போல்ட்டை இறுக்கினேன். பிறகு முதலாவதை மறுபடி இறுக்கினேன். அதற்கு மேல் இறுகாது என்று தெரிந்தபிறகும் கீயை எடுக்காமல் இறுக்கிக்கொண்டே இருந்தேன்.